இஞ்சின் மானிட்டர் வயரிங்: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இருக்கை விமானம் ஒன்றை நீங்களே கட்டுகிறீர்கள். இஞ்சின் லைகோமிங் ஓ-320: நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு. டிஜிட்டல் இஞ்சின் மானிட்டர் (இஞ்சினின் வெப்பநிலை, பிரஷர், ஆர்.பி.எம். எல்லாம் திரையில் காட்டும் கருவி) வாங்கியாகிவிட்டது. அதனுடன் வந்த தெர்மோகப்பிள் (இரு வேறு உலோக வயர்களால் வெப்பநிலை அளக்கும் சென்சார்) வயர் பேனல்வரை எட்டவில்லை, ஒரு மீட்டர் குறைகிறது. சாதாரணச் செம்பு வயரால் நீட்டலாமா, சென்சார்களுக்கு எர்த்தை இஞ்சினில் கொடுப்பதா பேனலில் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பறக்கும்போது திரையில் தெரியும் எண்ணை நம்பி முடிவெடுக்கலாமா?

இந்த வயரிங்கில் பயப்பட வேண்டியது திரை இருண்டுபோவதற்கு அல்ல. அறுந்த வயரைப் பெரும்பாலான மானிட்டர்களே கண்டுபிடித்து எண்ணுக்குப் பதில் கோடு போட்டுவிடும். ஆபத்தானது, பார்த்தால் நம்பும்படியாக இருக்கும் தவறான எண். அதுவும் பல பிழைகள் நிஜத்தைவிடக் குறைவாக, அதாவது எல்லாம் சுகம் என்பதுபோலக் காட்டும். கீழே எழுதுவது எல்லாம் அந்தப் பொய் எண்களை எப்படித் தவிர்ப்பது என்பதுதான்.

செம்பு வயரால் நீட்டலாமா? கூடாது. காரணம் தெரிந்தால் மற்ற பல சந்தேகங்களும் அதோடு தீர்ந்துவிடும். தெர்மோகப்பிளின் நுனியில் வோல்டேஜ் பிறப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். நுனி வெறும் இணைப்பு மட்டுமே. சூடான நுனியிலிருந்து குளிர்ந்த முனைவரை வயர் நெடுக, எங்கெல்லாம் வெப்பநிலை மாறுகிறதோ அங்கெல்லாம்தான் அது பிறக்கிறது. 1821-ல் சீபெக் கண்ட விளைவு இது. உலோக ஜோடியைப் பொறுத்துத் தெர்மோகப்பிளில் கே, ஜே என்று வகைகள் உண்டு. கே வகையில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட், ஜே வகையில் சுமார் 52. மானிட்டர் தன் கனெக்டர் இருக்கும் இடத்தின் வெப்பநிலையைத் தனியாக அளந்து, தெர்மோகப்பிள் தரும் வித்தியாசத்தோடு கூட்டித்தான் திரையில் காட்டுகிறது. நடுவில் இரண்டு செம்பு வயர்களைப் போட்டால் அந்தப் பகுதியில் இரண்டிலும் பிறப்பது ஒன்றையொன்று அழித்துவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. கௌலிங்குக்குள் (இஞ்சின் மூடிக்குள்) செம்பு தொடங்கும் இடம் 70 டிகிரி, பேனலுக்குப் பின்னால் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 45 டிகிரி கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். சிலிண்டர் தலை நிஜத்தில் 225 டிகிரியில் இருக்க, திரை 180 என்று காட்டும். சிலிண்டர் நீண்ட நாள் உழைக்க, வேகமான குரூஸில் (சீரான பயணப் பறத்தலில்) 224 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது லைகோமிங். முழு வரம்பு 260. 180-ஐப் பார்க்கும் பைலட் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஆகவே நீட்டும் வயரும் அதே உலோக ஜோடியாக இருக்க வேண்டும்: கே வகைக்குக் கே, ஜே வகைக்கு ஜே. இதற்கென்றே எக்ஸ்டென்ஷன் வயர் விற்கிறார்கள். இன்னொரு பொறி, நிறம். அமெரிக்க முறையில் சிவப்பு எப்போதும் நெகட்டிவ். கே வகையில் மஞ்சள் பாசிட்டிவ்; ஜே வகையில் வெள்ளை பாசிட்டிவ். காலமெல்லாம் சிவப்பைப் பாசிட்டிவாகவே பார்த்துப் பழகிய கை இங்கே தவறு செய்யும். சர்வதேச முறை வயர் வாங்கினால் கே வகைக்குப் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். அமெரிக்க ஜே வகையில் பாசிட்டிவாக இருந்த அதே வெள்ளை இங்கே நெகட்டிவ்! சந்தேகம் வந்தால் சிறு காந்தம் போதும். ஜே ஜோடியில் பாசிட்டிவ் வயர் இரும்பு, காந்தத்தில் நன்றாக ஒட்டும். கே ஜோடியில் லேசாக ஒட்டுவது நெகட்டிவ். நீட்டும் துண்டை மட்டும் மாற்றிப் பொருத்திவிட்டால் பிழை இரட்டிப்பாகும். மேலே சொன்ன கணக்கில் 45 டிகிரிக்குப் பதில் 90 டிகிரி குறையும். முழு வயரையும் மாற்றிப் பொருத்தினால், சூடேற ஏற எண் இறங்கும். அது உடனே கண்ணில் பட்டுவிடும். நீட்டல் மட்டும் தலைகீழானால் எண் ஏறத்தான் செய்யும், போதுமான அளவு ஏறாது. அதனால்தான் அது மோசமானது.

இதே பயத்தை வேறு சிலர் எல்லை மீறிக் கொண்டுபோகிறார்கள்: இணைப்பில் ஒரு துளி செம்புகூட வரக்கூடாது, கிரிம்ப் ஸ்பிளைஸும் (நசுக்கிப் பொருத்தும் இணைப்பு) கூடாது, டி-சப் பின்னும் (மானிட்டர் கனெக்டரின் ஊசி) கே உலோகத்தில் இருக்க வேண்டும் என்று. இது தேவையில்லை. நடுவில் வேறு உலோகம் வந்தாலும், அதன் இரண்டு முனையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அது எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. இரண்டு சென்டிமீட்டர் செம்பு ஸ்பிளைஸில் வெப்பநிலை வித்தியாசம் பேருக்குக்கூட இருக்காது. தங்கமுலாம் பூசிய சாதாரண டி-சப் பின்னும் அப்படித்தான். ஸ்பிளைஸை எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலோ, குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்திலோ வைக்காமல் இருந்தால் போதும். ஈயப்பற்று வைப்பதும் கொள்கையளவில் தவறல்ல. ஆனால் கே வகை உலோகங்களில் சாதாரண ரோசின் ஃபிளக்ஸுடன் ஈயம் பிடிக்காது. பிடித்ததுபோலத் தெரிந்து பின்னால் விட்டுவிடும். கிரிம்ப் செய்வதே நல்லது. வயர் மெல்லியதாக இருந்தால் நுனியை மடித்து இரட்டையாக்கிக் கிரிம்ப் செய்யுங்கள்.

எக்ஸாஸ்ட் புரோப் (எக்ஸாஸ்ட் குழாயில் செருகும் தெர்மோகப்பிள்) காலப்போக்கில் தேய்ந்து போகும் பொருள், ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். எனவே அந்த இணைப்பைக் கழற்றக்கூடியதாக வையுங்கள்: இரு பக்கமும் ரிங் டெர்மினல், சிறு ஸ்க்ரூ, பூட்டு நட்டு, மேலே சூடு தாங்கும் ஸ்லீவ். பாசிட்டிவ் இணைப்பையும் நெகட்டிவ் இணைப்பையும் சில சென்டிமீட்டர் முன்பின்னாக வைத்தால் ஸ்லீவ் நகர்ந்தாலும் ஒன்றையொன்று தொடாது. தொட்டால் என்ன ஆகும்? அந்தத் தொடும் இடமே புதிய தெர்மோகப்பிள் நுனியாகி, அந்த இடத்தின் வெப்பநிலையை மானிட்டர் காட்டும். எக்ஸாஸ்ட் 700 டிகிரியில் இருக்க, திரையில் 80 என்று ஒழுங்காக ஒரு எண் நிற்கும். வயரைச் சுருக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டிஜிட்டல் மானிட்டரில் தாராளமாக வெட்டலாம். பழைய முள் காட்டும் மீட்டர்களில் சில, வயரின் மின்தடையையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்யப்பட்டவை. அவற்றின் வயரை வெட்டவும் கூடாது, நீட்டவும் கூடாது.

மானிட்டரின் அமைப்புப் பக்கத்தில் புரோப் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டுமுறை பாருங்கள். பேனல் 25 டிகிரியில் இருக்க, 200 டிகிரியில் இருக்கும் கே புரோப்பை ஜே என்று அமைத்தால் திரை சுமார் 157 காட்டும். ஜே புரோப்பைக் கே என்று அமைத்தால் சுமார் 259. எக்ஸாஸ்டுக்கு எப்போதும் கே வகைதான். சிலிண்டர் தலைக்கு இரண்டில் எதுவும் வரலாம்.

புரோப் எங்கே இருக்கிறது என்பதும் எண்ணை மாற்றும். சிலிண்டர் தலையில் அதற்கென்றே இருக்கும் குழியில், ஸ்ப்ரிங் அழுத்தும் பயனெட் வகைப் புரோப்பைப் போடுங்கள்; லைகோமிங் சொல்லும் வரம்புகள் அந்த இடத்துக்கானவை. ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளையமாக வைக்கும் வகை வேறு எண் காட்டும், அதை அதே வரம்போடு ஒப்பிட முடியாது. எக்ஸாஸ்ட் புரோப்பை ஃபிளாஞ்சிலிருந்து (குழாய் சிலிண்டரோடு சேரும் விளிம்பு) ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குள், நான்கு சிலிண்டருக்கும் ஒரே தூரத்தில் வையுங்கள்; ஆறு சென்டிமீட்டர் நல்ல தேர்வு. நுனி குழாயின் நடுவில் நிற்க வேண்டும். துளை போடும் முன் கௌலிங்கை ஒருமுறை மாட்டிப் பார்த்து, புரோப்பின் வால் எதிலும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் விமானமாக இருந்தால் ஒவ்வொரு புரோப்பையும் பாதுகாப்புக் கம்பியால் கட்டியாக வேண்டும். கழன்ற புரோப் நேராகப் புரொப்பெல்லருக்குள் போகும். இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எக்ஸாஸ்ட் வெப்பநிலையின் முழு எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. புரோப் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அது மாறும். கலவையில் எரிபொருளைக் குறைக்கும்போது அது தொடும் உச்சத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பவைதான் பயன்படும். கார்புரேட்டர் இஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஐம்பது டிகிரி வித்தியாசம் இருந்தால் அதற்காக வயரிங்கைப் பிரிக்க வேண்டாம்.

இனி எர்த். உண்மையில் உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. அனுபவசாலிகளிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. உறுதியானதை முதலில் சொல்கிறேன். இஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஃபிரேமோடு அதற்கு நம்பகமான மின் தொடர்பு கிடையாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 ஆம்பியர் அளவு மின்னோட்டம் இஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாதையில் வெறும் 5 மில்லி ஓம் இருந்தாலும் ஒரு வோல்ட் அங்கேயே விழும். ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் கொடுக்கும்போது அதே பாதையில் 150 மில்லிவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிளில் ஒரு மில்லிவோல்ட் என்பது 24 டிகிரி செல்சியஸ். இஞ்சின் எர்த்துக்கும் மானிட்டர் எர்த்துக்கும் இடையிலான அந்த வித்தியாசம் அளவீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். லேண்டிங் லைட்டைப் போட்டவுடன் ஆயில் பிரஷர் அசைந்தால் நோய் ஆயிலில் இல்லை, எர்த்தில்.

எனவே இஞ்சின் பிளாக்கிலிருந்து ஃபயர்வாலில் (இஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) உள்ள ஒரே எர்த் புள்ளிக்குத் தடித்த, குட்டையான பின்னல் ஸ்டிராப் போடுங்கள். அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி, சுத்தமான உலோகத்தின்மேல் இறுக்குங்கள். ஸ்டிராப் இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. பேட்டரி நெகட்டிவும் மானிட்டரின் பவர் எர்த்தும் அதே புள்ளிக்கு வரட்டும். மூன்று வயர் சென்சார்களுக்கு, அதாவது 5 வோல்ட் வாங்கி 0.5 முதல் 4.5 வோல்ட்வரை சிக்னல் தருபவைக்கு, எர்த் வயர் மானிட்டரின் சிக்னல் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும். பக்கத்தில் கிடைத்த இஞ்சின் போல்ட்டுக்குப் போகக்கூடாது. ஒற்றை வயர் சென்சாருக்கு வேறு வழியில்லை, உடலே எர்த். அது இஞ்சின் வழியாகத்தான் போகும். தெர்மோகப்பிளின் எந்தக் காலையும் நீங்களாக எர்த் செய்யாதீர்கள்.

கருத்து வேறுபாடு எங்கே வருகிறது என்றால், சில மானிட்டர் தயாரிப்பாளர்கள் மானிட்டரின் எர்த்தை நேராக இஞ்சின் பிளாக்குக்குத் தனி வயரில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒற்றை வயர் சென்சார்களின் துல்லியத்துக்கு அது நல்லதுதான். ஆனால் தடித்த ஸ்டிராப் ஒருநாள் தளர்ந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுக்க அந்த மெல்லிய வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். வயர் எரியும், கூடவே மானிட்டரும் போகலாம். என் தேர்வு ஃபயர்வால் ஒற்றைப் புள்ளியும், முடிந்தவரை மூன்று வயர் சென்சார்களும். உங்கள் மானிட்டரின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள், ஆனால் அப்போது இரண்டாவது ஸ்டிராப் கட்டாயம். ஷீல்டு வயரின் ஷீல்டை மானிட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சென்சாரின் திரும்பும் பாதையாக அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒற்றை வயர் சென்சார்களின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது மிகப் பரவலான தவறு. எர்த் கிடைக்காமல் போய்விடும். மின்தடை கூடினால் என்ன எண் வரும் என்று யோசியுங்கள்: 10 முதல் 180 ஓம்வரை மாறும் ஆயில் பிரஷர் சென்சாரில் அது அதிக பிரஷர் என்று தெரியும், வெப்பநிலை சென்சார்களில் பெரும்பாலானவை சூடேற மின்தடை குறையும் வகை என்பதால் அங்கே அது குளிர்ந்த ஆயில் என்று தெரியும். இரண்டுமே நல்ல செய்தியின் முகத்தோடு வரும் பொய். பேஸ்ட் வகை சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, மெல்லியதாகத் தடவுங்கள்.

பிரஷர் சென்சார்களை இஞ்சினில் நேராகத் திருகாதீர்கள். கனமான சென்சார் பித்தளை நிப்பிளின் முனையில் ஆடிக்கொண்டே இருந்தால் நிப்பிள் களைத்து உடையும், ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும். சென்சாரை ஃபயர்வாலில் கிளாம்ப் செய்து, இஞ்சினிலிருந்து நெளியும் ஹோஸ் கொண்டுவாருங்கள். இஞ்சின் பக்க ஃபிட்டிங் எஃகில், சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை மட்டும் உள்ளதாக இருக்கட்டும். ஹோஸ் பிய்ந்தாலும் ஆயில் மெதுவாகத்தான் கசியும், தரையிறங்க நேரம் கிடைக்கும். எரிபொருள் பிரஷர் ஹோஸுக்கும் இதே முறை. அதற்கான சென்சாரைத் தாழ்ந்த வரம்புடையதாக வாங்குங்கள். கார்புரேட்டர் லைகோமிங்குக்கு வேண்டியது 0.5 முதல் 8 பி.எஸ்.ஐ.; அதில் 100 பி.எஸ்.ஐ. சென்சார் போட்டால் அரை பி.எஸ்.ஐ. என்பது அதன் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ரோட்டாக்ஸ் 912 என்ற வேறு இஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: புதிய இஞ்சின்களின் ஆயில் பிரஷர் சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வகை. 240 ஓம் மின்தடை வழியாக அது 0.96 முதல் 4.8 வோல்ட் ஆகும். அதில் ஓர் அழகு உண்டு: பிரஷர் பூஜ்யமானாலும் 4 மில்லி ஆம்பியர் ஓடும், அதற்குக் கீழே போனால் வயர் அறுந்தது என்று பொருள். எல்லாச் சென்சாரும் இப்படி இருந்திருக்கலாம்.

ஆயில் பிரஷருக்கு மட்டும், மானிட்டரோடு சம்பந்தமே இல்லாத தனி சுவிட்சும் சிவப்பு விளக்கும் வையுங்கள். சில கிராம் எடைதான். மானிட்டரும் விளக்கும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், கோளாறு அளவீட்டில் இருக்கலாம் என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

ஆர்.பி.எம். சிக்னலை மேக்னெட்டோவின் பி-லீடிலிருந்து (எர்த்தைத் தொட்டால் மேக்னெட்டோவை நிறுத்தும் சுவிட்ச் வயர்) எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் உச்சங்கள் வரும், அதனால் வரிசையில் ஒரு மின்தடை வேண்டும். பல மானிட்டர்களுக்கு 30 கிலோ ஓம். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. அந்த மின்தடையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மானிட்டர் பக்கம் வைத்தால் நடுவில் ஓடும் நீண்ட வயர் முழுக்கப் பி-லீடாகிவிடும். அது எங்காவது உரசி எர்த்தைத் தொட்டால் அந்த மேக்னெட்டோ நின்றுவிடும். பி-லீடிலிருந்து கிளை பிரியும் இடத்திலேயே, ஓரிரு சென்டிமீட்டருக்குள் மின்தடையை வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பிறகு அந்த வயர் எர்த்தைத் தொட்டாலும் ஆர்.பி.எம். எண் மட்டும் போகும். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு மேக்னெட்டோவிலிருந்து இரண்டு துடிப்பு என்று அமையுங்கள். ஓர் எச்சரிக்கை: பி-லீடைக் கழற்றினால் மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது என்று பொருள், அணைந்திருக்கிறது என்று அல்ல. அந்த வேலை முடியும்வரை ஸ்பார்க் பிளக் லீடுகளைக் கழற்றி வையுங்கள், புரொப்பெல்லரைத் தொடாதீர்கள்.

எரிபொருள் ஓட்ட சென்சாரில் வயரிங் எளிது: பவர், எர்த், சிக்னல். தவறுகள் குழாயில்தான். சென்சாரின் இரு பக்கமும் கொஞ்ச தூரம் நேராக ஓடட்டும், ஃபிட்டிங்கை ஒட்டியே வளைவு வைக்காதீர்கள். வயர் வெளிவரும் பக்கம் மேல்நோக்கி இருக்க, ஃபில்டருக்குப் பின் பொருத்துங்கள். கேலனுக்கு எத்தனை துடிப்பு என்பது சென்சாரின் சீட்டிலேயே இருக்கும், அதை உள்ளிட்டுவிட்டு, சில டேங்க் நிரப்பியபின் நிஜக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

அம்மீட்டர் ஷண்ட் என்பது 60 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் விழும் ஒரு கலப்பு உலோகப் பட்டை, அவ்வளவே. ஆனால் அதிலிருந்து மானிட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய வயர்களும் பேட்டரியின் முழு வோல்டேஜில் இருக்கின்றன. மில்லிவோல்ட் சிக்னல்தானே என்று ஃபியூஸ் போடாமல் விடுவது, இந்த வேலையில் தீ வைக்கும் மிக எளிய வழி. ஒவ்வொரு வயரிலும், ஷண்ட் பக்கத்திலேயே ஓர் ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஷண்ட்டை ஆல்டர்னேட்டரின் வயரில் வைத்தால் மொத்த உற்பத்தி தெரியும், பேட்டரி வயரில் வைத்தால் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். எனக்குப் பின்னதே பிடிக்கும், ஆல்டர்னேட்டர் நின்றதை அது உடனே மைனஸ் எண்ணாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த இடத்தில் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஷண்ட் வழியாகப் போகாதபடி இணைக்க வேண்டும்.

வயர் என்றால் டெஃப்செல் உறை போட்ட, வெள்ளீயம் பூசிய செம்பு. 150 டிகிரி தாங்கும். சிக்னலுக்கு 22 கேஜ் போதும். காருக்கு விற்கும் பி.வி.சி. வயரைக் கௌலிங்குக்குள் கொண்டுவராதீர்கள், எரிந்தால் வரும் புகையைக் காக்பிட்டில் சுவாசிப்பவர் நீங்கள்தான். 37 பின் டி-சப்புக்கு, கடைந்தெடுத்த வகைப் பின்னும் நான்கு பக்கம் அழுத்தும் கிரிம்ப் கருவியும் பயன்படுத்துங்கள். சுமார் ஐந்து மில்லிமீட்டர் உறையை நீக்கி, பின்னின் சிறு துளையில் செம்பு இழை தெரிகிறதா என்று பார்த்துக் கிரிம்ப் செய்து, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வயரின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு வேண்டும், ‘சி.எச்.டி. 3’ (மூன்றாம் சிலிண்டர் தலையின் வெப்பநிலை) எது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் சில சென்டிமீட்டர் குலுங்கும். இஞ்சினிலிருந்து மவுண்ட்டுக்குத் தாண்டும் இடத்தில் வயருக்குத் தாராளமான வளைவு விடுங்கள். மவுண்ட் குழாயில் ரப்பர் உறை உள்ள கிளாம்ப் போடுங்கள். நைலான் டையை நேராகக் குழாயில் கட்டினால், அதில் சேரும் மணல்தூசு நாளடைவில் எஃகையே அறுக்கும். கட்டத்தான் வேண்டுமென்றால் அடியில் சிலிக்கான் டேப் சுற்றுங்கள். எக்ஸாஸ்டிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர், இக்னிஷன் லீடுகளிலிருந்தும் தள்ளி. ஃபயர்வாலைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் மட்டும் போதாது. தீ தாங்கும் பொருள் என்பதற்கான அளவுகோல் 1093 டிகிரியில் 15 நிமிடம். அலுமினியமே 660-ல் உருகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஃபயர் ஸ்லீவ், தீத்தடுப்பு சீலன்ட், இந்த மூன்றும் வேண்டும்.

பவரைப் பற்றி ஒன்று. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பஸ் (எல்லாக் கருவிகளுக்கும் பவர் பிரியும் பொதுப் பட்டை) வோல்டேஜ் 8 அல்லது 9-க்கு இறங்கி, மானிட்டர் அணைந்து மறுபடி எழலாம். ஆனால் ஆயில் பிரஷர் அரை நிமிடத்துக்குள் எழவில்லையென்றால் இஞ்சினை நிறுத்த வேண்டும். அந்த அரை நிமிடம்தான் மானிட்டர் எழுந்துகொண்டிருக்கும் நேரம். ஸ்டார்ட் ஆனபின் மானிட்டரைப் போடும் பழக்கம் அதனால் சரியில்லை. சின்ன துணை பேட்டரி ஒன்றை டயோடு வழியாக மானிட்டருக்கு மட்டும் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மானிட்டரை உடனே மாட்டிவிட வேண்டாம். கனெக்டரைக் கழற்றி வைத்து மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். பவர் பின்னிலும், ஷண்ட் வயர்கள் போன்ற தெரிந்த இடங்களிலும் தவிர வேறெங்கும் 12 வோல்ட் இருக்கக்கூடாது. பிறகு மாட்டி, அதிகாலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இஞ்சினில், எல்லா வெப்பநிலைகளையும் பாருங்கள். எட்டு புரோப்பும் ஆயிலும் வெளிக்காற்றும் ஓரிரு டிகிரிக்குள் ஒரே எண் காட்ட வேண்டும். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். வெப்பநிலை எங்கும் ஒன்றாக இருக்கும்போது, செம்பால் நீட்டிய வயரும் தலைகீழாக மாட்டிய வயரும்கூடச் சரியான எண்ணையே காட்டும்! அந்தப் பிழையைப் பிடிக்க, ஸ்பிளைஸ் இருக்கும் இடத்தை மட்டும் ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்குங்கள். வயர் சரியென்றால் எண் அசையாது. அசைந்தால் அங்கே உலோகமோ துருவமோ மாறியிருக்கிறது. அடுத்து ஒவ்வொரு புரோப்பையும் தனித்தனியாகச் சூடாக்கி, திரையில் அதே சிலிண்டர்தான் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆயில் வெப்பநிலை சென்சாரைக் கழற்றி, உடலுக்கு எர்த் வயர் கொடுத்துக் கொதிநீரில் வையுங்கள்: கடல்மட்டத்தில் 100 டிகிரி, ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். பிரஷர் சென்சாருக்குக் காற்றுப் பம்பும் நம்பகமான கேஜும் போதும். ஐடிலில் தேவைப்படும் குறைந்த அளவான 25 பி.எஸ்.ஐ.-யிலும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், எச்சரிக்கை அங்கேதானே ஒலிக்க வேண்டும். கடைசியாக, இஞ்சின் ஓடும்போது ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்துங்கள். எக்ஸாஸ்ட் எண்கள் துள்ளினால், மானிட்டரைச் சந்தேகிக்கும் முன் ஆண்டெனா கேபிளின் ஷீல்டு இணைப்பைப் பாருங்கள்.

பறக்கத் தொடங்கியபின் ஒரு சிலிண்டர் மட்டும் வித்தியாசமான எண் காட்டினால், பக்கத்துச் சிலிண்டரின் புரோப்போடு மாற்றிப் போடுங்கள். தவறான எண் புரோப்போடு சேர்ந்து நகர்ந்தால் புரோப்பை மாற்றுங்கள். அதே சிலிண்டரின் பெயரிலேயே நின்றால், முதலில் அந்த வயரின் ஸ்பிளைஸைச் சூடாக்கிப் பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால் கௌலிங்கைத் திறந்து காற்றுத் தடுப்புத் தகடுகளில் இடைவெளி இருக்கிறதா, கேஸ்கெட் கசிகிறதா என்று தேடுங்கள். அப்போது அந்த எண் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.